தடய அறிவியல் படிக்க விருப்பமா?

1986ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பள்ளி மாணவி ஒருத்தி கொலையுண்டாள். அதே வட்டாரத்தில் 1983இலும் இதே போன்ற கொலை நடந்திருந்தது. போலீசார் 17 வயது இளைஞன் ஒருவனைக் கைது செய்தனர். இரண்டாவது கொலையைச் செய்தது தானே என்று அவன் ஒப்புக்கொண்டும் விட்டான்!

வழக்கு முடிந்ததா? இல்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்ற அறிவியலார் 1984இல் டி.என்.ஏ. ரேகை முறையைக் கண்டறிந்திருந்தார். அவர் தடயங்களைச் சோதித்தார். இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே. ஆனால் அவன் இந்த இளைஞன் அல்லன் என்று தெரிந்தது. இளைஞன் விடுதலையானான். உண்மைக் குற்றவாளி 1987இல் பிடிபட்டான். இவ்வழக்கில் டி.என்.ஏ. சோதனை முதலில் செய்தது, நிரபராதி ஒருவனைக் காப்பாற்றியதுதான்.

இத்தகைய பணியில் ஈடுபட விரும்பும் மாணவர்கள் என்ன படிக்க வேண்டும்?

தடய அறிவியல் தனி ஓர் அறிவியல் அன்று. பல அறிவியல்களின் கூட்டு. நஞ்சு, போதைப்பொருள், வெடிமருந்து ஆகியவற்றை ஆராய வேதியியல் வேண்டும். துப்பாக்கிக் குண்டு, உடைந்த கண்ணாடி இவற்றுக்கு இயற்பியல். இரத்தம், முடி, டி.என்.ஏ. இவற்றுக்கு உயிரியல். கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் உள்ள தடயங்களுக்குக் கணிப்பொறி இயல். ஆகவே மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்களை எடுத்து, பி.எஸ்ஸி.யில் இவற்றுள் ஒன்றை ஆழமாகக் கற்றபின் எம்.எஸ்ஸி. தடய அறிவியலுக்கு விண்ணப்பிக்கலாம்.

குஜராத் அரசு 2009இல் காந்திநகரில் தொடங்கிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020இல் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு. எங்கு விண்ணப்பித்தாலும் மூன்றைக் கவனியுங்கள். நீங்கள் படித்த பட்டம் தகுதியானதா? ஆய்வுக்கூடப் பயிற்சி போதிய அளவு உண்டா? அந்தத் துறையில் ஆசிரியர்கள் இருக்கிறார்களா?

வேலைக்குத் தேவையும் கூடி வருகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கே செல்ல வேண்டும். இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு.

ஒரு சொல்: திரைப்படத் துப்பறிவாளரைப் போல் இவர் குற்றவாளியைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. நுண்ணோக்கியின் முன் பொறுமையாக அமர்ந்திருப்பார். பின் நீதிமன்றக் கூண்டில் ஏறி, சோதனை காட்டியதை மட்டுமே கூறுவார், ஊகத்தைக் கலக்கமாட்டார்.

அந்தப் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். துடைத்த கண்ணாடித் தம்ளரை விரலால் அழுத்துங்கள். முகப்பவுடரை மென்மையாகத் தூவி, அதிகமானதை ஊதிவிடுங்கள். ரேகை தெரிகிறதா? கண்டதை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள். மற்றொருவர் உயிர் ஒரு நாள் அந்த நேர்மையை நம்பியிருக்கக்கூடும்.