உங்களுக்குத் தெரியுமா? குன்றின் மேல் ஒரு கோக் பாட்டு!

பல நாட்டு இளைஞர்கள் ஆளுக்கொரு பாட்டிலுடன் குன்றின் மேல் நின்று பாடும் கோகோ கோலாவின் ‘ஹில்டாப்’, உலகப் புகழ் பெற்ற டிவி விளம்பரம். வந்த ஆண்டு 1971. ஓடும் நேரம் ஒரே நிமிடம். எடுத்து முடிப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல!

● எல்லாம் பனிமூட்டத்தின் புண்ணியம்! 1971 ஜனவரியில் விளம்பர எழுத்தாளர் பில் பேக்கர் லண்டனுக்குப் புறப்பட்டார். பனி காரணமாக விமானம் அயர்லாந்தின் ஷானனில் இறங்கியது. அன்று எரிந்து விழுந்த சக பயணிகள், மறுநாள் விமான நிலையத்தில் கோக் குடித்தபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேக்கர் உடனே ஒரு பேப்பர் நாப்கினில் ‘உலகத்துக்கே ஒரு கோக் வாங்கித் தர ஆசை’ என்று பாட்டுக்கான வரியைக் கிறுக்கிவிட்டார்.

● இசைப் பொறுப்பாளர் பில்லி டேவிஸ் அதைக் கேட்டதும் தயங்கினார். உலகத்துக்கே ஏதாவது வாங்கித் தருவதென்றால், முதலில் ஆளுக்கொரு வீடு வாங்கித் தருவேன் என்றாராம். பிறகு அவரும் கூட உட்கார்ந்துதான் பாட்டு முழுமையானது.

● ‘நியூ சீக்கர்ஸ்’ குழு பாடி, பிப்ரவரியில் அமெரிக்க வானொலியில் வந்தது. எடுபடவே இல்லை! கோக்கை பாட்டிலில் அடைத்து விற்பவர்களே முகம் சுளித்தார்கள்.

● படமாக்கலாம் என்று இங்கிலாந்தின் டோவர் பாறைகளுக்குப் போனால் மழை. இத்தாலிக்குப் போனால் அங்கும் மழை. கடைசியில் செலவு 2.5 லட்சம் டாலரைத் தொட்டது. அந்நாளில் ஒரு விளம்பரத்துக்கு இது மலைக்க வைக்கும் தொகை.

● படத்தில் முதலில் வரும் பெண் நடிகை அல்ல. ரோமின் பியாஸா நவோனா சதுக்கத்தில், வேலை பார்த்த வீட்டுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர். அவரும் மற்றவர்களும் வாயசைக்க மட்டுமே செய்தார்கள்.

● முகங்களைக் காட்டும் குளோசப் காட்சிகளுக்கும் குன்றுக்கும் சம்பந்தமில்லை. அவை ரோமில் ஒரு பந்தய மைதானத்தில் எடுத்தவை. மின்கம்பியும் டெலிபோன் கம்பியும் ஃபிரேமுக்குள் வராமல் ஒதுக்கியதில்தான் சில ஷாட்டுகளுக்கு அந்த விநோதக் கோணம்!

● ஜூலையில் டிவிக்கு வந்தது. நவம்பருக்குள் வந்து குவிந்த கடிதங்கள் 1 லட்சத்துக்கும் மேல்.

● கோக்கின் பெயரை எடுத்துவிட்டு அதே மெட்டில் தனிப்பாடல் வெளியானது. 1972 ஜனவரியில் பிரிட்டனில் அதற்குத்தான் முதலிடம். ராயல்டியில் முதல் 80,000 டாலர் யுனிசெஃபுக்குப் போனது.

● விளம்பர உலகைப் பற்றிய ‘மேட் மென்’ தொடர் 2015இல் முடிந்தபோது, கடைசியாகத் திரையில் ஓடியது எது தெரியுமா? இதே விளம்பரம்தான்!