லாரி போன மாதிரி இருந்துச்சே!

2023 டிசம்பர் 8, காலை 7.39 மணி. மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைச் சேற்றைக்கூட இன்னும் கழுவி முடிக்காத வாரம். அந்த நேரம் பார்த்துச் செங்கல்பட்டுப் பக்கம் நிலம் குலுங்கியது. அளவு 3.2, ஆழம் 10 கி.மீ. என்று அறிவித்தது தேசிய நில அதிர்வு மையம். அந்தப் பத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆழம் சரியாகச் சிக்காதபோது நிலநடுக்கவியலார் போட்டுவைக்கும் வழக்கமான எண்ணும் அதுதான்.

அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. அதிர்வு என்று அண்ணா சாலை அலுவலகங்களிலிருந்து ஊழியர்கள் வெளியே ஓடிவந்தார்கள். பழி மெட்ரோ மேல் விழுந்தது. அங்கே வேலையே நடக்கவில்லை என்றது மெட்ரோ நிர்வாகம். நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்றது நில அதிர்வு மையம்.

கருவிக்கு இந்தக் குழப்பம் குறைவு. ரயிலின் அதிர்வு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நிலநடுக்கமோ இரண்டு தட்டாக வரும்: முதலில் வேகமான பி அலை, பின்னால் பலமான எஸ் அலை. இரண்டுக்கும் இடையிலான விநாடிகளை எட்டால் பெருக்கினால் தூரம் ஏறக்குறைய கிலோமீட்டரில் கிடைத்துவிடும். மூன்று நிலையங்களின் கணக்கு கைக்கு வந்தால் இடமும் பிடிபடும்.

சிக்கல் மனிதர்களிடம்தான். ஓரிடத்தில் உணரப்பட்ட தீவிரத்தை மதிப்பிடும் எம்.எஸ்.கே. அளவுகோல், மூன்றாம் படியை ‘சிறிய லாரி கடந்துபோவது போல’ என்று விவரிக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் குடியிருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! லாரி ஓயாத சாலை, ஆவடி மார்க்கத்தில் மின்சார ரயில், அம்பத்தூரில் பிரஸ் மெஷின். இவற்றுக்கு நடுவே நிஜமான சிறு அதிர்வு வந்தாலும் ‘ஏதோ வண்டி’ என்று போய்விடும்.

பெரியது, தூரத்தில் வந்தால் கதை வேறு. 2012 ஏப்ரல் 11 அன்று 1,800 கி.மீ.க்கு அப்பால் சுமத்ரா கடலில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது சென்னையின் மாடிகளில் இருந்தவர்கள் பதறி இறங்கினார்கள். அவ்வளவு தூரம் வரும் நீண்ட அலைகள் உயரமான கட்டடத்தைத்தான் ஊஞ்சலாட்டும். தெருவில் நடப்பவருக்குத் தெரியாமலே போகலாம். இளகிய களிமண் அந்த ஆட்டத்தை இன்னும் கூட்டும். ஏரிக்கரைகளை ஒட்டி அடுக்குமாடிகள் எழும்பும் மேற்குப் புறநகருக்கு இது பொருட்படுத்த வேண்டிய சங்கதி. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் 5.5 அளவு நிலநடுக்கம் வந்ததையும், மறு ஆண்டே சென்னை நிலநடுக்க அபாய வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு ஏற்றப்பட்டதையும் இங்கே பலர் மறந்துவிட்டார்கள்.

உணர்ந்ததைச் சொல்ல ‘பூகம்ப்’ என்ற அரசுச் செயலி இருக்கிறது. ஆட்டம் கண்டால் வாட்ஸ்அப்பில் கேட்பதற்கு முன் குறித்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: மணி என்ன, எத்தனையாவது மாடி, நின்றிருந்தீர்களா படுத்திருந்தீர்களா, ஓடாத ஃபேன் ஆடியதா, கேன் தண்ணீர் அலம்பியதா. அப்படியே ஜன்னல் வழியே ஒரு பார்வை, லாரி ஏதும் போகிறதா என்று.