திரைவாசிப்பானும் தமிழ் எழுத்தொலி உறவும்

தமிழில் ககர எழுத்து ஒன்றே. அதன் ஒலிப்போ ஒன்றன்று. 'கல்' என்பதில் ஒலிப்பிலா அடைப்பொலியாகவும், 'சங்கு' என்பதில் ஒலிப்புடை அடைப்பொலியாகவும், 'பகல்' என்பதில் உரசொலியாகவும் அது ஒலிக்கிறது. மொழிமுதலிலும் இரட்டிக்குமிடத்தும் ஒலிப்பின்மை, மெல்லினத்தின் பின்னும் உயிர்களுக்கிடையிலும் ஒலிப்புடைமை என்னும் இவ்வொழுங்கைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஆராய்ந்துள்ளார். கண்ணால் படிப்பவர் இதனை உணராமலே பின்பற்றுகிறார். பார்வையற்றோருக்கு உரையைப் படித்துக்காட்டும் கணிப்பொறி நிரலுக்கோ இவ்வறிவை விதியாகவோ தரவாகவோ ஊட்டியாக வேண்டும்.

திரைவாசிப்பான் என்பது திரையிலுள்ள உரையைப் பேச்சாகவோ, உயர்ந்து தாழும் ஊசிகளாலான கருவியில் பிரெய்லாகவோ வெளியிடும் நிரல். 2006இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கப்பெற்ற என்விடிஏ இவ்வகையில் விலையின்றிக் கிடைப்பது. பேச்சு, பிரெய்ல் ஆகிய இவ்விரு வழிகளும் மொழியியல் நோக்கில் பெரிதும் வேறுபடுகின்றன.

பிரெய்ல் எழுத்தைப் பின்பற்றுவது. 1951இல் வகுக்கப்பெற்ற பாரதி பிரெய்ல் முறையில், இந்திய மொழிகளின் ஒத்த எழுத்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிக்கூட்டு அமைந்தது. அச்சில் 'கொ' என்பதன் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. பிரெய்லில் ககரத்தை அடுத்து ஒகரம் வருகிறது. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி, எழுத்துக்கு முன் தனிக்குறியாக இடம்பெறுகிறது. வரிசை மாறினும் எழுத்து இழக்கப்படுவதில்லை. ஒலிப்பை முடிவு செய்யும் பொறுப்பும், அச்சிற்போலவே, படிப்பவரிடமே உள்ளது.

பேச்சுவழியில் அப்பொறுப்பு நிரலுக்கு மாறுகிறது. இயல்பான தமிழ்ச் சொற்களுக்கு மேற்கூறிய விதி பெரும்பாலும் போதும். கடன்சொற்களே அதனைக் குலைக்கின்றன. 'பாவம்' மொழிமுதலில் ஒலிப்பின்றி வந்தால் தீவினை. ஒலிப்புடன் வந்தால் மெய்ப்பாடு. 'கண்டம்' ஒலிப்பின்றி நிலப்பரப்பு, ஒலிப்புடன் உயிராபத்து. இவற்றைச் சூழல் கொண்டே பிரித்தறிய வேண்டும். 'பஸ்' என்பதற்கு விதிவிலக்குப் பட்டியலில் இடம் வேண்டும். 'பேருந்து' விதிப்படியே ஒலிக்கும். 'பேங்க்', 'வங்கி' இணையும் அத்தகையதே. கலைச்சொல்லாக்கத்தைத் தூய்மைவாதம் என ஒதுக்குவோர் எண்ணிப் பாராத பயன் இது. ஆயினும் இயற்பெயர்களை மொழிபெயர்க்க இயலாது. 'காந்தி', 'பாரதி' ஆகியவற்றின் முதலெழுத்தும், 'முகேஷ்' என்பதன் இடையெழுத்தும் விதிக்கு அடங்குவன அல்ல. மனிதக் குரற்பதிவுகளிலிருந்து பயிலும் புதிய நிரல்களும், பதிவுகளில் இடம்பெறாத பெயர்களில் தடுமாறக்கூடும்.

எண்களோடு உருபு சேருமிடம் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. '1951இல்' என்பதைக் கண்ணால் படிப்பவர் '...ஐம்பத்தொன்றில்' எனப் புணர்த்துப் படிப்பார். எண்ணையும் உருபையும் பிரித்துக்கொள்ளும் நிரல் 'ஐம்பத்தொன்று இல்' என்று ஒலிக்கும். இங்கு 'இல்' வேற்றுமையுருபா, இன்மை குறித்ததா என்று கேட்பவர் ஒருகணம் தயங்குவார். '3ஆவது', '5க்கு' போன்றவற்றிலும் இந்நிலையே. செவிவழிப் படிக்கப்படும் பாடநூல்களில் சிறிய எண்களையேனும் எழுத்தால் எழுதுவது நன்று.

இவற்றைவிடக் கவலைக்குரியது எழுத்துக்கூட்டல். 'முன்னாள்' முந்தைய நாள். 'முந்நாள்' மூன்று நாள். ஒலியில் இன்று வேறுபாடில்லை. 'அரம்', 'அறம்' ஆகியவற்றையும் பலர் ஒன்றுபோலவே ஒலிக்கின்றனர். பிரெய்ல் தொட்டுப் படிக்கும் மாணவர் இவ்வேறுபாட்டை விரல்வழி அறிவார். பிரெய்ல் பயிலாது பேச்சையே நம்பும் மாணவருக்கு அது எட்டுவதில்லை. அவர் எழுதும் தேர்வுத்தாளிலோ அது பிழையாகிறது. எழுத்தெழுத்தாகப் படிக்கச் செய்யும் வசதி திரைவாசிப்பானில் உண்டு. ஆனால் ந, ன இரண்டையும் ஒரே ஒலியால் அறிவித்தால் பயனில்லை. இதற்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என இனவல்லெழுத்தை முன்வைத்து வழங்கும் பெயர்கள் செவிக்குத் தெளிவாக வேறுபடுவன. எழுத்தறிவிப்பில் இவற்றை அமைக்க ஒரு சிறு பட்டியலே போதும்.