டோக்கன் கொடுக்கும் முன்பே குடியேறிவிடும் மனசு

சென்னைப் புறநகரில் ஜமீன் பல்லாவரத்திலோ பம்மலிலோ ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வரும் குடும்பத்தைக் கூர்ந்து பாருங்கள். பெயின்ட் வாசனை போகாத இரண்டாவது மாடி பிளாட். அப்பா குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்க்கிறார். அம்மா சமையல் மேடையைச் சாண் போட்டு அளக்கிறார். கிரைண்டர் இங்கே, சாமி படம் அந்த மூலையில் என்று அப்போதே முடிவாகிறது. மகள் ஜன்னல் பக்கத்து அறைக்குள் போய் “இது என் ரூம்” என்கிறாள். தரகர் வாயே திறப்பதில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கவில்லை, தாய்ப் பத்திரம் கண்ணில் படவில்லை. ஆனாலும் அந்த வீடு அவர்களுடையதாகிவிட்டது.

பத்திரப் பதிவுக்கு வெகுமுன்பே நம் மனசு கிரயம் முடித்துவிடுகிறது என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980இல் இதற்கு ‘உடைமை விளைவு’ என்று பெயர் வைத்தார். 1990இல் அவரும் டேனியல் கானமனும் ஜாக் நெட்ச்சும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்க ஏறத்தாழ 5 டாலர் கேட்டார்கள். கிடைக்காதவர்கள் அதே கோப்பைக்கு 3 டாலருக்கு மேல் தரத் தயாராக இல்லை. கோப்பை கைக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன!

கைக்கு வரவேண்டும் என்றுகூட இல்லை. ஜோன் பெக், சுசேன் ஷூ இருவரும் 2009இல் செய்த ஆய்வில், ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்தாலே ‘இது என்னுடையது’ என்ற உணர்வு கூடியது. தொட முடியாதபோது, அது தன் வீட்டில் இருப்பதாகக் கற்பனை செய்தாலும் அந்த உணர்வு வந்தது. சமையல் மேடையில் சாண் போட்ட கையும், கிரைண்டருக்கு இடம் ஒதுக்கிய கற்பனையும் செய்தது இதைத்தான். அதன் பிறகு யாராவது “அந்தத் தெருவில் மழைத் தண்ணி நிற்குமே” என்றால், சொன்னவர் மேல்தான் கோபம் வருகிறது.

சரி, வாங்கியாயிற்று. பால் காய்ச்சியாயிற்று. சந்தோஷம் எவ்வளவு நாள் நிற்கும்? சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெட்டோ ஓடர்மாட், அலாய்ஸ் ஸ்டூட்சர் இருவரும் ஜெர்மனியில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய குடும்பக் கணக்கெடுப்பை வைத்து இதை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். சொந்த வீடு வாங்கியவர்களின் வாழ்க்கைத் திருப்தி உயர்ந்தது உண்மை. ஆனால், ஐந்து வருடம் கழித்து எப்படி இருப்போம் என்று அவர்களே கணித்த அளவுக்கு உயரவில்லை. பணமும் வெற்றியுமே பெரிது என்று நினைத்தவர்கள்தான் கூடுதலாகக் கணக்குத் தப்பினார்கள்.

இதை அப்படியே பல்லாவரத்துக்குப் பொருத்தத் தயக்கமாக இருக்கிறது. ஜெர்மனியில் வாடகைக்கு இருப்பது கௌரவக் குறைவல்ல. வாடகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பும் பலம். இங்கே வாடகை வீடு என்றால் சுவரில் ஆணி அடிக்கக் கேட்க வேண்டும். விருந்தாளி நாலு நாள் தங்கினால் மோட்டார் போடும் கணக்கு பேசப்படும். சாதியும் சாப்பாடும் விசாரிக்கப்படும். பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்போது வயிறு கலங்கும். நம் ஊர்க்காரர் சம்பளத்தில் பாதியை இ.எம்.ஐ.க்குக் கொடுத்தாவது வீடு வாங்கத் துடிப்பதில், ‘இனி யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது’ என்ற நிம்மதிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நிம்மதியை ஆசை என்றோ ஆடம்பரம் என்றோ ஒதுக்குவது அநியாயம்.

ஆனால் மனசு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பழகுவதில்லை. டைல்ஸ் பளபளப்பு சீக்கிரம் கண்ணுக்குப் பழகிவிடும். இரைச்சல் பழகுவதில்லை. புதிய நெடுஞ்சாலைக்கு அருகில் குடியிருந்தவர்களை நீல் வைன்ஸ்டைன், சாலை திறந்த நாலாவது மாதமும் பதினாறாவது மாதமும் விசாரித்தார்; எரிச்சல் குறையவே இல்லை. மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் 1992இல் மூடப்பட்டு வேறிடத்தில் புதியது திறந்தபோது, இரு இடத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். புதிய நிலையத்தின் அருகே இருந்தவர்களுக்கு நீண்டகால நினைவாற்றலும் வாசிப்புத் திறனும் குறைந்தன. பழைய இடத்துப் பிள்ளைகளுக்கு அவை தேறின. பொழிச்சலூர், கவுல்பஜார் பக்கம் வீடு தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘ஏர்போர்ட்டுக்குப் பக்கம்’ என்பது விளம்பரத்தில் வசதி. பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் அறையில் அது சத்தம்.

தண்ணீரும் அப்படித்தான். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் என வீடுகள் மூழ்கின. ஆனாலும் பலர் அங்கேயேதான் இருக்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. பாஸ்டன் நகர அடுக்குமாடி வீடுகளின் விலை 1990களில் சரிந்தபோது விற்க வந்தவர்களை டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டபர் மேயர் ஆராய்ந்தார்கள். வாங்கின விலைக்குக் கீழே போகும் நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக விலை சொன்னார்கள். அதனாலேயே விற்க முடியாமல் காத்திருந்தார்கள். “போட்ட காசுகூட வராதா?” என்ற அந்த வலி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பத்திரம் இல்லாதவர்களுக்கும் இந்தப் பிடிப்பு உண்டு. பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் குடியிருப்பு இடிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டவர்களிடம் பேசிய உளவியலாளர் மார்க் ஃபிரைட், அவர்களிடம் கண்டது சாவு வீட்டுத் துக்கத்துக்கு நிகரானது என்று 1963இல் எழுதினார். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். அனகாபுத்தூரில் ஆற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது அழுதவர்களின் இழப்பையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மாற்று வீடு கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்க வேண்டியதையெல்லாம் டோக்கன் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கொடுத்த பிறகு மனசு கேட்க விடாது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வேலை நாளில் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று, வீட்டை விற்கிறவரிடம் கேட்காமல், எதிர்வீட்டில் வெகுநாளாகக் குடியிருப்பவரிடம் கேளுங்கள். அந்த வீட்டில் குடியிருக்கப் போகாத ஒருவரை, தாய்மாமனோ நண்பரோ, உடன் அழைத்துப் போங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் சமையல் மேடையை அளக்கலாம்.