நாலாம் தடவை வரும்போதுதான் சொல்வார்கள்

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர் கரை சேர்க்கப்பட்டபோது, எங்கள் போரைப் பற்றி அறிந்த குடும்ப மருத்துவர்கள் கனடாவில் மிகக் குறைவு.

அந்நாளைய ரொறன்ரோ கிளினிக்குகளில் அறைக்குள் மூன்று பேர் இருப்பார்கள்: டொக்டர், அம்மா, பள்ளிக்கூடத்தை விட்டுக் கூட்டி வந்த பத்து வயது மகன். “நாரி நோகுது, இரவில நித்திரை வருதில்லை எண்டு சொல்லு தம்பி.” தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அவன் நாரி நோவை மட்டும் சொல்லி முடிப்பான். நோ மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். ஆமி வீட்டுக்குள் வந்த இரவைப் பற்றிப் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? மாதவிடாய்க் கோளாறைக்கூடச் சொல்ல மாட்டாள். டொக்டரும் கேட்கமாட்டார், கேட்டால் பிறகு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சித்திரவதைக்குத் தப்பி வந்தவர்களைப் பார்க்க 1977இல் ரொறன்ரோ மருத்துவர்கள் சிலர் தொடங்கிய முயற்சி பின்னர் ஒரு மையமாக வளர்ந்திருந்தது. ஆனால் மூலைக் கிளினிக்கில் இருந்தவருக்கு அது எட்டாத தூரம்.

இன்று கருவிகள் இருக்கின்றன. அகதிகளைப் பார்க்கவென்றே அமைந்த கிளினிக்குகளில் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். மகன் வகுப்பில் இருக்கலாம். 2011இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் குடியேறியோர், அகதிகளுக்கான மருத்துவ வழிகாட்டி வெளிவந்தது. மறைந்திருக்கும் காசநோய், ஹெபடைட்டிஸ் பி, குடற்புழு, விட்டுப்போன தடுப்பூசி என்று எதை யாரிடம் தேடுவது என அது சொல்கிறது. அதில் நான் மிகவும் மதிக்கும் அறிவுரை வேறு: பட்ட கொடுமையை எல்லோரிடமும் வழமைபோல் கேட்டுக் கிளறாதே, நித்திரையின்மை, காரணம் புரியாத நோ போன்ற அறிகுறிகளில் கண் வைத்திரு. கிளறினால் புண் பெரிதாகும். நம்பிக்கை வந்தபின் அவர்களாகவே சொல்வார்கள், மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ. தொடையில் சிகரெட்டால் சுட்ட தழும்பை அப்போதுதான் காட்டுவார்கள். டொக்டர் அதை அளந்து, இடத்தைக் குறித்து, அகதி விசாரணைக்கு அறிக்கை எழுதுவார். ஒருவரைத் திருப்பி அனுப்புவதா இல்லையா என்பதில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு.

2012 ஜூன் 30இல் மத்திய அரசு அகதிகளின் மருத்துவக் காப்பீட்டை வெட்டியது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவருக்கு இன்சுலினுக்குக்கூட வழியில்லாமல் போனது. அதை எதிர்த்து வெள்ளைக் கோட்டோடு மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பிறகு நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2014 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடூரமானது என்றது. 2016 ஏப்ரலில் காப்பீடு முழுமையாகத் திரும்பியது. நோயாளிக்காக அரசை எதிர்த்து வழக்காடிய அந்த மருத்துவர்களுக்கு எங்கள் சமூகம் கடன்பட்டிருக்கிறது.

ஆனாலும் அந்த நாலாம் தடவை இன்று யாருக்கு வாய்க்கிறது? ஒன்ராறியோவில் இலட்சக்கணக்கானோருக்குக் குடும்ப மருத்துவரே இல்லை. புதிதாய் வந்த அகதி அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறார். முன்பதிவில்லாக் கிளினிக்குக்குப் போனால் ஒவ்வொரு முறையும் வேறு முகம். சாதாரணக் கிளினிக்கில் அகதிகளை எடுக்க விரும்பும் டொக்டருக்கும் சிக்கல்தான்: அகதிக் காப்பீட்டுக்குத் தனியாகப் பதிய வேண்டும், எல்லாவற்றையும் இரண்டு மொழியில் பேசுவதால் பத்து நிமிடச் சந்திப்பு இருபது நிமிடமாகும். தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் இடத்தில் அந்த மேலதிக நேரம் அவர் கைச்செலவு. நல்ல மனதை மட்டும் நம்பி இது நெடுநாள் ஓடாது. அந்த இருபது நிமிடத்துக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அரசு பணம் கட்டவேண்டும். அன்று மொழிபெயர்த்த பிள்ளைகளில் சிலர் இன்று டொக்டர்கள். அவர்கள் தங்கள் கிளினிக்கில் எரித்திரியரும் ஆப்கானியரும் ரோஹிங்கியரும் பதிய இடம் ஒதுக்க வேண்டும்.