பொதுக் குளம் போன்ற மென்பொருள்

புதுவை நகருக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டி அமைந்த ஊர் காலாப்பட்டு. முன்னர்ப் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த இவ்வூர், இன்று கல்வியால் பெயர் பெற்று விளங்குகிறது. 1985ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகம் இங்குதான் உள்ளது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த மாணவர்கள் விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி கண்டு வளர்ந்த மாணவன் ஒருவன், விடுதியில் இருந்தவாறே தன் ஊர்ச் செய்தியை உடனுக்குடன் காண விரும்பினால் என் செய்வான்? மேசைமேல் உள்ள கணினியே அவனுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் ஆகிவிடும். கணினிக்கு அவ்வாற்றலை நல்கும் மென்பொருள்களுள் சிறந்த ஒன்று, அவனைப் போன்ற விடுதி மாணவர்களாலேயே பிரான்சு நாட்டில் ஆக்கப்பெற்றது. அதன் வரலாறு அறியத்தக்கது.

பாரிசு நகரை அடுத்து 'எக்கோல் சாந்த்ரால்' என்னும் பொறியியற் கல்லூரி இருந்தது. அதன் வளாகத்துக் கணினிப் பிணையத்தை மாணவர்களே நிருவகித்து வந்தனர். அப்பிணையம் மிக மெதுவாக இயங்கிற்று. விரைவான பிணையம் பெற வேண்டுமாயின், அதற்குத் தக்க பயன் ஒன்றைக் காட்டவேண்டும். ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே அலைவாங்கித் தட்டு வைப்பதைவிட, ஒரே தட்டினால் செயற்கைக்கோள் தொலைக்காட்சியைப் பெற்று, பிணையத்தின் வழியே அறைதோறும் அனுப்பலாம் என்னும் எண்ணம் எழுந்தது. 1996ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சியே 'வீடியோலேன்' என்பது. காட்சியைப் பெற்றுக் காட்டும் பகுதி 'வி.எல்.சி.' எனப் பெயர் பெற்றது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று, கல்லூரியின் இசைவோடு அஃது உலகினர் அனைவர்க்கும் உரியதாக வெளியிடப்பட்டது.

இனி, அஃது இயங்கும் முறையைக் காண்போம். தொலைக்காட்சியில் நொடிக்கு ஏறத்தாழ 25 படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. அவற்றை முழுமையாக அனுப்பினால் எப்பிணையமும் திணறும். செய்தி வாசிப்பவரின் உதடு அசைகிறது. பின்னுள்ள சுவரோ மாறுவதில்லை. ஆகவே, மாறியவற்றை மட்டும் பெரும்பாலும் குறித்து, காட்சியைச் சுருக்கி, சிறுசிறு பொதிகளாக அனுப்புகின்றனர். பெறும் மென்பொருள் அப்பொதிகளை வரிசைப்படுத்துகிறது. சிறிதளவு தேக்கி வைக்கிறது. பின்னர் விரித்துப் படமாகவும் ஒலியாகவும் இணைத்துக் காட்டுகிறது. இடையே ஒரு பொதி தாமதித்தாலும் காட்சி தடைபடாமைக்கு அத்தேக்கமே காரணம். அடுத்த வீட்டுப் பெட்டியில் ஆரவாரம் எழுந்து சில நொடிகள் கழித்தே கணினியில் பந்து எல்லையைக் கடப்பதற்கும், இணைய வழியில் நேரும் இத்தகைய தேக்கங்களே பெரிதும் காரணமாகும். இணைய வசதி இல்லாதவிடத்தும், அலைகளை நேரே பெறும் சிறு கருவியைக் கணினியில் பொருத்தி இம்மென்பொருளால் தொலைக்காட்சி காணலாம்.

இதனைக் 'கட்டற்ற மென்பொருள்' என்பர். கட்டற்றது என்றால் விலையற்றது என்று மட்டும் கொள்ளலாகாது. எவரும் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலைப் படித்தறியலாம், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தி மேம்படுத்தி வெளியிடலாம் என்னும் நான்கு உரிமைகளும் உடைமையே அதன் இலக்கணம். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த 'குனு' திட்டத்திலிருந்து வளர்ந்த கொள்கை இது. நம் நாட்டார்க்கு இக்கொள்கை புதிதன்று. நம் சிற்றூர்களில் ஏரியும் குளமும் எல்லார்க்கும் பொதுவாய் இருந்தன. ஆண்டுதோறும் ஊரார் கூடித் தூர் எடுத்துக் கரையை உயர்த்தினர். அதனைக் குடிமராமத்து என்றனர். நீர் கொண்டவரே குளத்தையும் காத்தனர். அவ்வாறே, பல நாட்டினர் இம்மென்பொருளின் குறைகளைக் களைந்து வருகின்றனர்.

பொதுவானதைக் காப்பது எளிதன்று. விளம்பரங்களைச் சேர்த்தால் பல கோடி யூரோ தருவதாக வந்த அழைப்புகளை, இத்திட்டத்தின் தலைவர் ழான்-பாப்திஸ்து கெம்ப் மறுத்துவிட்டார். 2022ஆம் ஆண்டில் இதன் இணையதளம் இந்தியாவில் பல மாதங்கள் தடுக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டுச் சட்ட அறிவிப்பு அனுப்பப்பட்ட பின், நவம்பர் மாதத்தில் தடை நீங்கிற்று. மூலநிரல் மறைக்கப்படாமையால், ஐயுற்றோர் எவரும் அதனை ஆராய்ந்து பார்க்கலாம். மூடி முத்திரையிட்ட மென்பொருளிலோ, அதனை ஆக்கியவர் சொல்லை நம்புவதன்றி நமக்கு வேறு வழி அரிது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மென்பொருள் பொதுவாயினும், அதன்வழிக் காணும் நிகழ்ச்சிகள் எல்லாம் பொதுவல்ல. அவற்றை உருவாக்கியோர்க்கு உரிமை உண்டு. எனவே, ஒளிபரப்புவோர் வெளிப்படையாக வழங்குவனவற்றையே காணவேண்டும். மென்பொருளையும் அதன் உரிய தளத்திலிருந்தே பெறவேண்டும்.

கல்லூரி மாணவர் சிலர் தம் விடுதிக்கென வெட்டிய குளம் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் அம்மென்பொருள் 600 கோடி முறை தரவிறக்கம் செய்யப்பட்டிருந்தது. காலாப்பட்டு மாணவனும் அதில் நீர் முகக்கிறான். அவன் ஒரு நாள் அதன் மூலநிரலைத் திறந்து பார்த்து, ஒரு பிழையைத் திருத்தினால், அல்லது அதன் சொற்களை நல்ல தமிழில் பெயர்த்தால், அவனும் அக்குளத்தில் ஒரு கூடை தூர் எடுத்தவன் ஆவான்.