படத்துக்கு முன் சில கேள்விகள்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில், சந்தாபுராவுக்குச் சற்று முன்னால் பொம்மசந்திரா. 2000இல் இங்கே நாராயண ஹிருதயாலயா வந்தது. 2009இல் அதே வளாகத்தில் மஜூம்தார்-ஷா புற்றுநோய் மருத்துவமனையும் வந்தது. சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தமிழர்களுக்கும் ஓசூர்க்காரர்களுக்கும் எட்டும் தூரம்தான்.

இத்தகைய பெரிய ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே வேலை பழகுபவர்களுக்கு இரண்டு கடினமான பாடங்கள் உண்டு. ஒன்று கான்ட்ராஸ்ட். குடலும் ரத்தக்குழாயும் சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. குடலுக்காக பேரியம் சல்பேட்டைக் குடிக்கத் தருகிறார்கள். ரத்தக்குழாய்க்கு அயோடின் மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். ஊசிக்கு முன் கேட்டாக வேண்டும்: முன்பு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? சிறுநீரகக் கோளாறு உண்டா? குடலில் ஓட்டை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கூடாது. வயிற்றுக்குள் கசிந்தால் ஆபத்து.

மற்றது மேமோகிராம். மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே அழுத்தி, மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என்று ஒவ்வொரு பக்கமும் இரண்டு படங்கள். அழுத்தினால்தான் திசுக்கள் பரவித் தெளிவாகத் தெரியும். கதிர்வீச்சும் குறைவாகப் போதும். பவுடர் பூசியிருந்தால் அதுவே சுண்ணாம்புத் துகள் போலத் தோன்றி ஏமாற்றக்கூடும்.

வலிக்கும். ஏன் வலிக்கிறது, எத்தனை விநாடி என்று வந்தவரின் மொழியில் சொல்ல வேண்டும். 'உசிரு ஹிடிதுகொள்ளி' என்ற கன்னடம் புரியாமல் அசைந்துவிட்டால் படம் மங்கும். மறுபடி அழுத்தம், மறுபடி கதிர்வீச்சு. அடுத்த முறை அந்தப் பெண் வராமலே போய்விடலாம். 'மூச்சைப் பிடிச்சுக்குங்கம்மா' என்று சொல்லப் பழகுவதும் இந்த எல்லைச் சாலையில் தொழிலின் ஒரு பகுதிதான்.